வாசகர் வினா விடை: சீனக்குடா ஓடுபாதை யாருக்காக நீண்டது?

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்த வாசகர்கள், துறைமுகத்தின் அருகிலேயே உள்ள சீனக்குடா விமான நிலையம் குறித்துப் பல வினாக்களை அனுப்பியிருந்தனர். ஒரே பொருளை ஒட்டியவற்றைச் சேர்த்து, இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

எமது மாவட்டத்தில் இவ்வளவு நீளமான ஓடுபாதை எப்படி வந்தது? இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவசரமாகப் போடப்பட்டது என்று சிலரும், அதற்கு முன்பே இருந்தது என்று சிலரும் சொல்கிறார்களே? (உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர்)

இரு தரப்பினர் சொல்வதும் பாதி சரி. தளம் யுத்தத்துக்கு முன்பே இருந்தது. அதன் நீளம் யுத்தத்தின்போது வந்தது.

தொடக்கத்தில் பிரித்தானியருக்கு இங்கே தேவைப்பட்டது விமானம் அன்று, கப்பல். ஆழமும் ஒதுக்கமும் ஒருங்கே வாய்த்த துறைமுகம் இருந்ததால் கடற்படை வந்தது. கப்பல்கள் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறியபோது, அந்த எண்ணெயைச் சேமித்து வைக்கச் சீனக்குடாவின் காட்டுக்குள் பிரமாண்டமான குதங்கள் எழுந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளளவு உடைய அவற்றுள் 99 குதங்களைப் பற்றித்தான் இந்தியாவுடனான உடன்படிக்கைகளில் இன்றும் பேசப்படுகிறது. இத்தனை கப்பல்களையும் எண்ணெயையும் வானிலிருந்து காப்பதற்கே, உட்துறைமுகத்துக்கும் தம்பலகாமக் குடாவுக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஓரிரு மீற்றர் உயரமே உள்ள இடத்தில், விமானத்தளம் அமைந்தது. பிரித்தானிய அரச விமானப்படையின் 273ஆம் அணி 1939 ஓகஸ்ட் 1ஆம் திகதி இங்கேதான் மீள உருவாக்கப்பட்டது. அதனிடம் அப்போது இருந்தவை விக்கர்ஸ் வில்டெபீஸ்ற் போன்ற இரட்டை இறக்கை விமானங்கள். அவை எழுவதற்கும் இறங்குவதற்கும் பெரிய ஓடுபாதை வேண்டியிருக்கவில்லை.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் நிலைமை தலைகீழானது. இந்து சமுத்திரத்தின் கிழக்குப் பக்கத்தில் பிரித்தானியருக்குக் கைகொடுக்கக்கூடிய பெரிய துறைமுகமாகத் திருகோணமலையே எஞ்சியது. 261ஆம் அணியின் ஹரிக்கேன் போர் விமானங்கள் சீனக்குடாவுக்கு வந்து சேர்ந்தன. ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பைத் தாக்கிய ஜப்பானியக் கடற்படை, நான்கு நாட்களின் பின், ஏப்ரல் 9ஆம் திகதி காலையில், ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களைத் திருகோணமலைக்கு அனுப்பியது. ராடார் முன்கூட்டியே கண்டுவிட்டதால் சீனக்குடாவின் ஹரிக்கேன்களும் ஃபுல்மார் போர் விமானங்களும் தரையில் அகப்படாமல் மேலே எழ முடிந்தது. ஆயினும் எண்ணிக்கையிலும் அனுபவத்திலும் மிஞ்சிய எதிரிக்கு முன் அவை பெரும் இழப்பைச் சந்தித்தன. துறைமுகத்தில் சகாயிங் என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றி எரிந்தது, விமானத்தளமும் சேதமடைந்தது. அந்த யுத்த காலத்தில் இப்பகுதியில் உயிரிழந்த விமானப்படையினர், கடற்படையினர் சிலரின் கல்லறைகளை நிலாவெளி வீதியிலுள்ள போர் மயானத்தில் காணலாம்.

மட்டக்களப்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலுக்கும் சீனக்குடாவுக்கும் தொடர்பு உண்டா? (கல்லடியிலிருந்து ஒரு மாணவி)

உண்டு. ஹெர்மிஸ் ஒரு விமானந்தாங்கிக் கப்பல். தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்ததும், துறைமுகத்தில் நின்றால் அழிவு நிச்சயம் என்பதால், முதல் நாள் இரவே அது திருகோணமலையை விட்டுத் தெற்கு நோக்கி அனுப்பப்பட்டது. அப்போது அதன் தளத்தில் போரிடத்தக்க விமானங்கள் இருக்கவில்லை. ஏப்ரல் 9ஆம் திகதி முற்பகலில் மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் அதனைக் கண்டுபிடித்து மூழ்கடித்தன. உடன் சென்ற அவுஸ்திரேலியக் கப்பலான வம்பயரும் மூழ்கியது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அருகில் இருந்த வீற்றா என்ற மருத்துவக் கப்பல் எஞ்சியோரில் பெரும் பகுதியினரைக் காப்பாற்றியது. காலையில் தன் தலைக்கு மேலேயே போரிட்டுக் களைத்திருந்த சீனக்குடாவிலிருந்து உரிய நேரத்தில் ஹெர்மிசுக்கு உதவி போய்ச் சேரவில்லை. விமானங்கள் இல்லாத விமானந்தாங்கிக் கப்பல், கப்பலைக் காக்க முடியாத விமானத்தளம் என்ற இரண்டும் ஒரே நாளில் அமைந்தது அந்த யுத்தத்தின் கொடுமைகளில் ஒன்று.

எனது பாட்டனார் 1944இல் சீனக்குடாவில் கல் சுமந்து ஓடுபாதை போட்டதாகவும், பிறகு நான்கு இயந்திரம் பூட்டிய அமெரிக்க விமானங்கள் வந்து ஓரிரவில் போய்விட்டதாகவும் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அவை எங்கே போயின? (கிண்ணியாவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

உங்கள் வீட்டில் சொல்லப்படுவது வரலாற்றோடு நன்றாகவே பொருந்துகிறது, ஐயா. வந்தவை பி-29 குண்டுவீச்சு விமானங்கள். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 43 மீற்றர். எரிபொருளும் குண்டும் நிறைத்தால் எடை 60 தொன்னைத் தாண்டும். அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய போர் விமானம் எவரிடமும் பெருந்தொகையாக இருக்கவில்லை.

அவை போன இடம் சுமாத்திராவின் பலெம்பாங். ஜப்பானின் விமான எரிபொருளில் பெரும் பங்கு அங்கிருந்த பிளாஜோ சுத்திகரிப்பு ஆலையிலிருந்து சென்றுகொண்டிருந்தது. அமெரிக்கரின் பி-29 தளங்கள் வங்காளத்தில் கரக்பூரைச் சுற்றி இருந்தன. அங்கிருந்து சுமாத்திராவுக்குப் போய்த் திரும்புவது அந்த விமானத்துக்கும் எட்டாத தூரம். ஆகவே இடைத்தங்கலுக்கு இலங்கை தெரிவு செய்யப்பட்டது. வேறு தளங்களும் பரிசீலிக்கப்பட்டபோதிலும், உரிய காலத்துக்குள் ஆயத்தமானது சீனக்குடா மட்டுமே. ஓடுபாதை 7,200 அடிக்கு நீட்டப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட விமானங்களைத் தனித்தனியே நிறுத்துவதற்குரிய கடினத் தளங்களும், அவற்றுக்கு எரிபொருள் நிரப்பும் குழாய் அமைப்பும் உருவாக்கப்பட்டன. உங்கள் பாட்டனார் கல் சுமந்தது இந்த வேலைக்காக இருக்கலாம்.

1944 ஓகஸ்ட் 10ஆம் திகதி மாலை 54 விமானங்கள் சீனக்குடாவிலிருந்து புறப்பட்டன. போகவர ஏறத்தாழ 6,200 கிலோமீற்றர். அதுவரை பி-29 விமானங்கள் இடையில் இறங்காமல் பறந்த தாக்குதல் பயணங்களில் இதுவே மிக நீளமானது. 39 விமானங்கள் இலக்குப் பகுதியை அடைந்தன. சில மூசி ஆற்றில் கண்ணிகளைப் போட்டன. ஏனையவை முகில் மூடிய இரவில் ஆலையைத் தேடிக் குண்டு வீசின. ஆலைக்கு ஏற்பட்ட சேதம் சொற்பமே. திரும்பும் வழியில் ஒரு விமானம் எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கியது. சில மாதங்களுக்குள் அமெரிக்கர்கள் சீனக்குடாவைக் கைவிட்டனர்; பி-29 விமானங்கள் இங்கிருந்து மறுபடி ஒரு தாக்குதலுக்கும் புறப்படவில்லை.

அந்தக் கிழமை திருகோணமலைக்கு வேறு விதத்திலும் கெட்ட கிழமையாகவே இருந்தது என்பதை இடையே சொல்ல வேண்டும். ஓகஸ்ட் 8ஆம் திகதி, வேலியன்ற் என்ற போர்க்கப்பலைச் சுமந்திருந்த மிதவைக் கப்பற்றளம் துறைமுகத்துக்குள் உடைந்து மூழ்கியது.

7,200 அடி என்பது ஏறத்தாழ 2,195 மீற்றர். சீனக்குடா ஓடுபாதையின் இன்றைய நீளம் ஏறத்தாழ 2,400 மீற்றர். அதாவது, இன்று நாம் பெருமையோடு சுட்டிக்காட்டும் நீளத்தில் மிகப் பெரும் பகுதி, ஓர் இரவுத் தாக்குதலின் கணக்கிலேயே வந்திருக்கிறது. இந்த ஊர் மனிதர் ஒருவர் கொழும்புக்கோ சென்னைக்கோ போவதற்காக அதில் ஒரு முழமும் போடப்படவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் விடைகள் எளிதில் விளங்கும்.

உங்கள் பாட்டனாரின் வேலைச்சீட்டோ புகைப்படமோ வீட்டில் இருந்தால் பிரதியொன்றை அனுப்பி வையுங்கள். விமானங்களின் தொகையைச் சொல்லும் நூல்கள் பல உண்டு. கல் சுமந்தவர்களைப் பற்றி எழுத எம்மிடம் குடும்ப நினைவுகளே உள்ளன.

ஓடுபாதைக்கு 06/24 என்று இலக்கமிட்டிருப்பது ஏன்? மற்ற இருபத்து இரண்டு பாதைகள் எங்கே? (தம்பலகாமத்திலிருந்து பத்தாம் வகுப்பு மாணவர்)

இருப்பது ஒரே பாதைதான். இலக்கம் எண்ணிக்கையைக் குறிக்கவில்லை, திசையைக் குறிக்கிறது. திசைகாட்டியில் வடக்கிலிருந்து வலமாக அளந்து வரும் பாகையைப் பத்தால் வகுத்து ஓடுபாதையின் முனையில் எழுதுவார்கள். ஒரு பக்கமாக ஓடினால் ஏறத்தாழ 60 பாகை, அதாவது வடகிழக்குப் பக்கம். எதிர்ப்பக்கமாக ஓடினால் 240 பாகை, அதாவது தென்மேற்குப் பக்கம். விமானம் காற்றை எதிர்த்து ஓடினால் குறைந்த தூரத்தில் எழும். மே முதல் செப்டெம்பர் வரை எமது பக்கத்தில் அடிக்கும் கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிறது. மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது. இரண்டு பருவக் காற்றுக்கும் ஒரே பாதை நேராக முகம் கொடுக்கிறது.

பிரித்தானியர் போன பிறகு பொதுமக்கள் சேவை எப்போதாவது ஒழுங்காக நடந்ததா? (பாலையூற்றிலிருந்து ஒரு வாசகர்)

விட்டு விட்டு நடந்தது என்பதே பொருத்தமான விடை. 1947ஆம் ஆண்டின் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி சுதந்திரத்தின் பின்னும் பிரித்தானியர் இங்கே தங்கியிருந்தனர். 1956இல் ஆட்சிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க அரசாங்கம் தளங்களைத் திருப்பிக் கேட்டது. 1957இல் திருகோணமலைக் கடற்படைத் தளமும், கட்டுநாயக்க, சீனக்குடா விமானத்தளங்களும் இலங்கையின் கைக்கு வந்தன. 1951இல் தொடங்கப்பட்டிருந்த அரச இலங்கை விமானப்படை சீனக்குடாவைப் பொறுப்பேற்றது. பொறுப்பு அன்று கைமாறியதே தவிர, இடம் படைத்தளமாகவே தொடர்ந்தது.

ஏர் சிலோன் நிறுவனம் உள்நாட்டில் பறந்த காலத்தில் அதன் தடங்களில் திருகோணமலையும் இருந்தது. உள்நாட்டு யுத்தம் சீனக்குடாவைப் பெரும்பாலும் படையினரின் இடமாக்கியது. யுத்தம் முடிந்த பின் விமானப்படையின் ஹெலிருவர்ஸ் சேவை இரத்மலானையிலிருந்து வந்து போனது. 2013இல் பறக்கத் தொடங்கிய சினமன் எயார் சிறிய செஸ்னா கரவன் விமானங்களில் உல்லாசப் பயணிகளைக் கொண்டுவந்தது. இச்சேவைகள் எதனையும் இவ்வூர் மக்களின் அன்றாடப் போக்குவரத்து என்று சொல்ல இயலாது. கொழும்புக்குப் போகிறவர்களுள் பெரும்பாலானோர் இன்றைக்கும் இரவுப் புகையிரதத்தையோ பேருந்தையோதான் நம்பியிருக்கிறார்கள்.

காலை வேளைகளில் சிறிய விமானங்கள் ஒரே வட்டத்தில் திரும்பத் திரும்பச் சுற்றுவது ஏன்? (கப்பல்துறையிலிருந்து ஒரு வாசகி)

சீனக்குடாவில் இலங்கை விமானப்படையின் கல்விக்கழகம் இருக்கிறது. புதிய விமானிகள் பறக்கப் பழகுவது அங்கேதான். எழுந்து, இடம் அல்லது வலம் திரும்பி, ஓடுபாதைக்குச் சமாந்தரமாக எதிர்த்திசையில் பறந்து, மீண்டும் இருமுறை திரும்பி இறங்குவதுதான் முதற்பாடம். சக்கரம் தரையைத் தொட்டவுடன் நிற்காமல் மீண்டும் எழுவார்கள். ஆபத்து இல்லாத பாடம் அன்று. 2023 ஓகஸ்ட் 7ஆம் திகதி பிரி-6 பயிற்சி விமானம் ஒன்று சீனக்குடாவில் விழுந்து இருவர் உயிரிழந்தனர். பயணிகள் சேவை பெருகினால் இதே வான்பரப்பையும் இதே ஓடுபாதையையும் பயிற்சி விமானங்களோடு பங்கிட வேண்டியிருக்கும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் வரும் என்று பல ஆண்டுகளாகக் கேள்விப்படுகிறோம். பலாலிக்கு வந்துவிட்டது, அதைவிட நல்ல ஓடுபாதை உள்ள எங்களுக்கு ஏன் வரவில்லை? ஓடுபாதையை இன்னும் நீட்ட வேண்டுமா? (நிலாவெளியில் விடுதி நடத்தும் வாசகர்)

நீட்ட வேண்டியதில்லை. உங்கள் கேள்வியில் பலரும் சறுக்கும் இடம் அதுதான். பலாலிக்குச் சென்னையிலிருந்து வருவன ஏடிஆர் வகைச் சிறிய உந்துவிசிறி விமானங்கள். அவற்றுக்கு 1,400 மீற்றர் அளவிலான பாதை போதும். கடல் மட்டத்தில் 2,400 மீற்றர் என்றால் கட்டுநாயக்கவில் நாம் அடிக்கடி காணும் ஏ-320 வகைக்கும் நீளம் ஒரு தடையாகாது. தடைகள் வேறிடத்தில் இருக்கின்றன.

தரையின் கீழிருந்து தொடங்குவோம். ஓடுபாதையின் நீளம் எவர் கண்ணுக்கும் தெரியும். அதன் தாங்குதிறன் தெரியாது. பயிற்சி விமானங்களையும் அவ்வப்போது வரும் போக்குவரத்து விமானங்களையும் தாங்கும் பாதை, நிறை பயணிகளோடு ஜெற் விமானம் நாள்தோறும் இறங்குவதைத் தாங்குமா என்பதை அளந்து சான்றளிக்க வேண்டும். அடுத்தது தீயணைப்பு. சர்வதேச விதிகள் விமானத்தின் நீள அகலத்தைக் கொண்டு விமான நிலையத்தின் தீயணைப்புத் தரத்தை வகுத்திருக்கின்றன. ஏடிஆர்-72 இறங்கப் பொதுவாக ஐந்தாம் தரமும், ஏ-320 இறங்க ஆறாம் தரமும் வேண்டும். தரம் ஒன்று கூடினால் வாகனம், நீர், நுரை, ஆட்கள் எல்லாம் கூடும். விமானம் வாரத்துக்கு இரண்டு முறை மட்டுமே வந்தாலும் அந்தச் செலவில் பெரும் பகுதி இருக்கவே செய்யும். குடிவரவு, சுங்கம், சுகாதாரப் பரிசோதனை ஆகியவற்றுக்குத் தனிக் கட்டடமும் நிரந்தர அலுவலர்களும் தேவை.

இவை எல்லாம் பணத்தால் தீரக்கூடியவை. பணத்தால் மட்டும் தீராதது நிலத்தின் உரிமை. விமானப்படை முகாமின் வாயிற்காவலைக் கடந்துதான் பயணி உள்ளே போக வேண்டும் என்ற நிலை நீடிக்கும்வரை, வெளிநாட்டு விமான நிறுவனம் எதுவும் ஒழுங்கான அட்டவணையோடு வரத் தயங்கும். மட்டக்களப்பில் 2018இல் விமான நிலையம் சிவில் அதிகாரிகளிடம் கையளிக்கப்பட்டது. பலாலியில் படைத்தளம் இருக்கும்போதே சிவில் முனையம் தனியாகப் பிரிக்கப்பட்டு, 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து பயணிகள் விமானம் வந்தது. கொரோனா முடக்கத்தால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. சீனக்குடாவுக்கு முதலில் வேண்டியது அந்தப் பிரிப்பே. ஓடுபாதையைப் படையினரும் பயணிகளும் பகிரலாம், உலகின் பல இடங்களில் பகிர்கிறார்கள். வாயிலையும் முனையத்தையும் பகிர முடியாது.

அரச மட்டத்தில் இது முற்றாக மறக்கப்பட்ட விடயம் அன்று. 2023 ஜூலையில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க புதுடெல்லிக்குச் சென்றபோது இரு நாடுகளும் வெளியிட்ட கூட்டு ஆவணத்தில், சென்னைக்கும் திருகோணமலை, மட்டக்களப்பு முதலிய இடங்களுக்கும் இடையே விமானத் தொடர்பை ஆராய்வதாக எழுதியிருக்கிறார்கள். "ஆராய்வது" என்ற வினையோடு வாக்கியம் முடிவதைக் கவனித்துப் படியுங்கள். அதே ஆவணம் திருகோணமலையின் துறைமுகத்தையும் எரிசக்தியையும் பற்றி விரிவாகப் பேசுகிறது. எண்ணெய்க் குதங்களுக்கு 2022 ஜனவரியிலேயே உடன்படிக்கை கைச்சாத்தாகிவிட்டது. இந்த ஊரில் எண்ணெய்க்கு எப்போதும் முன்வரிசை. ஆட்களின் முறை பிறகுதான் வருகிறது.

பயணிகள் போதிய அளவில் இருப்பார்களா என்பதையும் நேர்மையாகக் கணக்கிட வேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 3.8 இலட்சம். நிலாவெளி, உப்புவெளிப் பருவம் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. மாரி தொடங்கியதும் உங்கள் விடுதி அறைகள் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. விமான நிறுவனம் ஆறு மாதத்துக்கு மட்டும் வருவதை விரும்பாது. ஆனால் பருவத்தைச் சாராத பயணிகளும் உண்டு: திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலைத் தரிசிக்க வரும் தமிழகத்து அடியார்கள், மருத்துவத்துக்கும் படிப்புக்கும் சென்னை போகும் இம்மாவட்டத்தவர், வெளிநாடுகளிலிருந்து ஊர் திரும்பும் உறவினர். கிண்ணியா, மூதூர் மக்களும் இதில் அடங்குவர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் சீனக்குடா அவர்களுக்கும் அண்மையாகிவிட்டது. சென்னை ஏறத்தாழ 500 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. ஏடிஆர் விமானத்துக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு உட்பட்ட பயணம். எழுபது இருக்கைகளை வாரத்தில் மூன்று நாள் நிரப்புவது ஆகாத காரியமாகத் தெரியவில்லை.

ஆகவே எமது கோரிக்கை சிறிதாகத் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. "சர்வதேச விமான நிலையம்" என்ற பெயர்ப்பலகைக்காக அவசரப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மத்தள இருக்கிறது. 2013 மார்ச்சில் 3,500 மீற்றர் ஓடுபாதையோடு திறக்கப்பட்ட அந்த நிலையத்தில், தொடக்கத்தில் வந்த விமான நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டன. தனி வாயில், சிறிய முனையம், ஐந்தாம் தரத் தீயணைப்பு, கொழும்புக்கு நாள் தவறாத ஓர் உள்நாட்டுச் சேவை என்பவற்றை முதலில் கேட்போம். அந்த உள்நாட்டுச் சேவை ஆண்டு முழுதும் ஓடிக் காட்டினால், சென்னைக்கான கணக்கை விமான நிறுவனங்கள் தாமாகவே போட்டுப் பார்க்கும். உங்களைப் போன்ற விடுதிக்காரர்கள், மாரி மாதங்களில் தங்கியவர்கள் எந்த நாட்டவர், எதற்காக வந்தார்கள் என்ற பதிவைத் தொகுத்து வைத்திருந்தால், எந்த அமைச்சருக்கு எழுதும் மனுவையும்விட அது அதிகம் பேசும்.

விமான நிலையத்தைப் படம் எடுக்கலாமா? (ஓர் இளம் வாசகர்)

இது விமானப்படைத் தளம் என்பதால், முன் அனுமதி பெறாமல் எடுக்க வேண்டாம்.

அடுத்த மாதம் வயதான என் தாயாரைக் கட்டுநாயக்கவிலிருந்து திருகோணமலைக்கு விமானத்தில் அழைத்து வர எண்ணியுள்ளேன். எவற்றைக் கவனிக்க வேண்டும்? (இலண்டனிலிருந்து ஒரு வாசகி)

சினமன் எயார் பறக்கும் நாளையும் நேரத்தையும் முதலில் அந்நிறுவனத்திடமே உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் சர்வதேச விமானம் தாமதித்தாலும் தவறாதபடி போதிய இடைவெளி விட்டுப் பதிவு செய்யுங்கள். செஸ்னா கரவன் எட்டுப் பேர் அளவில் ஏறும் ஒற்றை இயந்திர விமானம். ஏறுவதற்குச் சிறிய படிகளே உண்டு என்பதால், தாயாருக்கு முழங்கால் வலி இருந்தால் உதவி வேண்டும் என்று பதிவு செய்யும்போதே தெரிவித்துவிடுங்கள். பொதிக்கு எடை வரம்பு இறுக்கமானது. இலண்டனிலிருந்து கொண்டுவரும் பெரிய பெட்டிகளைத் தரைவழியே அனுப்பிவிட்டு, மருந்துகளையும் ஓரிரு நாள் உடைகளையும் மட்டும் மடித்து வைக்கக்கூடிய துணிப்பையில் எடுத்துச் செல்வது வசதி.